உப்பனாற்று மட்டியும் மாசு அளவும்: கடலூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்துக்கும் கடற்கரை மணல்மேட்டுக்கும் இடையில் தென்வடலாக ஓடும் உப்பனாற்றில், கடல்நீர் வடியும் வற்றம் நன்றாக இறங்கிய காலை வேளைகளில் சில பெண்கள் கழுத்தளவு நீரில் குந்தியபடியே மெல்ல நகர்ந்துகொண்டிருப்பார்கள். அவர்களுடைய கைகள் சேற்றுக்குள் இருக்கும். இடுப்புக் கயிற்றில் கட்டிய அலுமினியக் குண்டான் பின்னாலேயே மிதந்து வரும். விரல் நுனியில் தட்டுப்படுவது கல்லா, செத்த ஓடா, உயிருள்ள மட்டியா என்பதைப் பார்க்காமலே பிரித்தெடுக்கும் கைகள் அவை. சேற்றில் புதைந்து வாழும் இருவோட்டு உயிரான அந்த மட்டியைக் கொண்டு ஆற்றின் மாசை அளக்க முடியுமா என்று, விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற நானும் என்னுடைய பழைய மாணவர்கள் இருவரும் சில ஆண்டுகளுக்கு முன் முயன்றோம். முதல் சுற்று முழுவதும் வீணாயிற்று. அது எப்படி வீணாயிற்று என்பதில்தான் பிறருக்குப் பயன்படக்கூடியது அதிகம் இருக்கிறது என்று நான் கருதுவதால், இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். கெடிலம், உப்பனாறு, நெய்வேலிச் சுரங்கப் பகுதியையும் பெருமாள் ஏரியையும் தொட்டு வரும் பரவனாறு ஆகிய மூன்றின் நீரும் கடலூர் துறைமுகத்தை ஒட்டிய முகத்துவாரத்தின் வழியாகவே வங்கக் கடலை அடைகிறது. உப்பனாறு பெயருக்குத்தான் ஆறு; ஆண்டின் பெரும்பகுதியில் அது கடலோடு மூச்சு விடும் ஒரு நீண்ட உப்பங்கழி. இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், உள்ளே நுழைந்த நீர் முழுவதும் ஒரே வற்றத்தில் வெளியேறிவிடுவதில்லை. போனதில் ஒரு பகுதி அடுத்த ஏற்றத்தில் திரும்பி வருகிறது. மேற்குக் கரையில் 1980களின் தொடக்கத்திலிருந்து சிப்காட் வளாகம் இருக்கிறது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, பிற வேதிப்பொருள்கள் எனப் பலவகை ஆலைகள் அங்கே இயங்கி வந்திருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 டிசம்பரில் வெளியிட்ட விரிவான சுற்றுச்சூழல் மாசுக் குறியீட்டில் கடலூருக்குக் கிடைத்த மதிப்பெண் 77.45. அந்தக் குறியீட்டில் 70ஐ எட்டினாலே மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதி என்று பொருள்.

ஆனால் இந்தக் கழியில் சேர்வது ஆலைக் கழிவு மட்டுமன்று. கெடிலம் நகரத்தின் சாக்கடையைச் சுமந்து வருகிறது. துறைமுகத்தில் படகுகளுக்குப் பூசும் வண்ணத்தில் செம்பு இருக்கிறது, டீசல் கசிகிறது, பழுது பார்க்கும் இடத்தில் துரு உதிர்கிறது. மேலே வயல்களிலிருந்து உரமும் மருந்தும் வருகின்றன. ஆகவே மட்டியின் சதையில் ஓர் உலோகம் இருக்கிறது என்பதாலேயே அது எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; ஏனெனில் எங்களிடம் வந்த பலர் எதிர்பார்த்தது ஒரு குற்றவாளியின் பெயரைத்தான்.

மட்டி எதற்கு, நீரையே எடுத்துச் சோதிக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. நீர் மாதிரி என்பது, குப்பியை முக்கிய அந்த நொடியின் செய்தி. பகல் பதினொரு மணிக்கு வரும் அலுவலர் எடுக்கும் குப்பியில், இரவு இரண்டு மணிக்கு வந்து போனது இருக்காது. மேலும், கரைந்த நிலையில் உலோகங்கள் நீரில் மிகச் சிறிய அளவிலேயே இருப்பதால், அவற்றை நம்பகமாக அளக்கத் தூய்மையான குப்பி, தூய்மையான அறை, தூய்மையான அமிலம் எல்லாம் தேவை. இவற்றில் ஒன்று தவறினாலும் அளக்கப்படுவது ஆறன்று, குப்பிதான். மட்டியோ ஓரிடத்தில் புதைந்திருந்து, நல்ல நிலையில் மணிக்குச் சில லிட்டர் வரை நீரைத் தன் செவுள் வழியே இழுத்து வடிகட்டி உண்கிறது. அப்போது உணவோடு வருவதையும் நீரில் கரைந்திருப்பதையும் சேர்த்துக்கொள்கிறது. காட்மியம் போன்ற உலோகங்களை ஒருவகைப் புரதத்தோடு பிணைத்து உடலில் ஒதுக்கி வைக்கிறது. எண்ணெய்ச் சேர்மங்கள் சில நாள்களிலோ வாரங்களிலோ வெளியேறிவிடக்கூடும். உலோகங்கள் மாதக்கணக்கில் தங்கும். எனவே மட்டியின் சதை, அது உண்டு வாழ்ந்த சில வாரங்களின், மாதங்களின் கூட்டுக் கணக்காக அமைகிறது.

இந்த எண்ணம் புதியதன்று. அமெரிக்கக் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க், உலகின் கடற்கரைகளைச் சிப்பிகளைக் கொண்டு கண்காணிக்கலாம் என்று 1975இல் முன்மொழிந்தார். அமெரிக்காவில் 1986 முதல் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம் அதை நிலையான திட்டமாக நடத்தி வருகிறது. ஆசியாவில் பிற்பாடு நடந்த இத்தகைய பணிகளில், நம் கடலிலும் கிடைக்கும் பெர்னா விரிடிஸ் என்ற பச்சைச் சிப்பி பெரிதும் பயன்பட்டது.

என் மனத்தில் நிற்கும் முன்மாதிரி பிரான்சின் தென்மேற்கில் உள்ள ஆர்காசோன் காயல். சிப்பி வளர்ப்புக்குப் பெயர்பெற்ற அந்தக் காயலில் 1970களின் இறுதியில் சிப்பிக் குஞ்சுகள் ஆண்டுதோறும் பொய்த்தன. வளர்ந்த சிப்பிகளின் ஓடு தாறுமாறாகத் தடித்து, அடுக்குகளுக்கு நடுவே கூழ் நிரம்பிய அறைகளோடு உருண்டை போலாயிற்று. காரணம், படகுகளின் அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் பூசிய வண்ணத்தில் இருந்த டிரைபியூட்டைல் டின் என்ற நச்சுச் சேர்மம். லிட்டருக்குச் சில பத்து நானோகிராம் என்ற அளவே சிப்பிக்குப் போதுமானதாக இருந்தது. அன்றைய வழக்கமான நீர்ச்சோதனைகளில் அகப்படக்கூடிய அளவன்று அது. பிரான்ஸ் 1982இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அந்த வண்ணத்தைத் தடை செய்தது. அதன்பின் குஞ்சுகள் மீண்டும் பிடிக்கத் தொடங்கின. உலக அளவிலான தடை நடைமுறைக்கு வர 2008 ஆயிற்று. இதில் கவனிக்க வேண்டியது, முதலில் கவலைப்பட்டவர்கள் சிப்பி வளர்த்தவர்கள் என்பது. ஓடு உருண்டுபோனதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள்தாம். தைவானில் 1986இல் எர்ஜென் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய சிப்பிப் பண்ணைகளில் சிப்பிச் சதை பச்சையாக மாறியபோதும் அப்படித்தான். உலோகக் கழிவை அமிலத்தில் கழுவிப் பிரித்தெடுக்கும் தொழிலிலிருந்து ஆற்றில் கலந்த செம்பை, எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

கடலூரிலும் இதற்கு இணையான ஒன்று நடந்திருக்கிறது, காற்றைப் பொறுத்தவரை. சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் மக்கள் 2004இல் பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திய எளிய சாதனத்தால், நாற்றம் அடிக்கும் நேரத்திலேயே காற்று மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அலுவலர் வரும்வரை காற்று காத்திருக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். வாளி காற்றுக்குச் செய்ததை மட்டி நீருக்குச் செய்யும் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் தொடங்கினோம். அந்த ஒப்புமை பாதிதான் சரி என்பது பிறகு தெரிந்தது: வாளிக்கு உயிர் இல்லை; மட்டிக்கு இருக்கிறது.

முதல் சுற்று

மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்று துறைமுகத்துக்கு அருகில். ஒன்று சிப்காட்டை ஒட்டிய உப்பனாற்றுப் பகுதியில். மூன்றாவது, ஒப்பீட்டுக்காக, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில். வெள்ளாற்றைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கேதான் இருக்கிறது என்பதால் அந்த முகத்துவாரத்தின் உயிர்கள் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றன. அங்கும் உப்பனாற்றிலும் மெரெட்ரிக்ஸ் காஸ்டா என்ற வழுவழுப்பான மஞ்சள் பழுப்பு மட்டி கிடைக்கிறது. ஒரே இனமாக இருப்பது இன்றியமையாதது. பாறையில் ஒட்டும் சிப்பி துத்தநாகத்தையும் செம்பையும் அளவின்றிச் சேர்த்துக்கொள்ளும். பெர்னா போன்றவை அவற்றை ஓரளவு கட்டுப்படுத்தி வைக்கும். ஓரிடத்துச் சிப்பியையும் மற்றோரிடத்து மட்டியையும் ஒப்பிட்டு, சிப்பி இருக்கும் இடம் அதிக மாசுடையது என்று சொன்னால் அது இனத்தின் இயல்பை இடத்தின் குற்றமாக்குவதாகும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் தொடக்கத்திலேயே எச்சரிக்கையாக இருந்தோம்.

வெள்ளாற்று மாதிரியை ஐப்பசித் தொடக்கத்தில், மழைக்கு முன் எடுத்தோம். உப்பனாற்று மாதிரிகளை அடுத்த வாரம் எடுப்பதாகத் திட்டம். ஆனால் கொண்டல் காற்று திரும்பி மழை பிடித்துக்கொண்டது, ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது, யாரும் இறங்கவில்லை. கடைசியில் தை மாதத்தில்தான் துறைமுகம், சிப்காட் ஆகிய மற்ற இரண்டு இடங்களின் மட்டி எங்கள் கைக்கு வந்தது. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஒரே பட்டியலில் மூன்று இடங்கள், மூன்று வரிசை எண்கள். பார்ப்பதற்கு ஒப்பிடத்தக்கவை போலவே இருந்தன.

ஒப்பிடத்தக்கவையாக அவை இல்லை என்று எனக்குக் காட்டியது எந்தக் கருவியும் அன்று. தை மாதத்தில் எங்களுக்கு மட்டி எடுத்துத் தந்த அம்மா, ஐம்பது வயதைக் கடந்தவர், தாம் எடுத்ததை எங்கள் பையில் போட மனமில்லாமல் ஒன்றைப் பிளந்து காட்டினார். “இதுல ஒண்ணும் இல்ல தம்பி, வெறும் தோலு. சித்திரையில வா, சதை இருக்கும்” என்றார். நான் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன். அவர் சந்தை விலையைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்தேன். உண்மையில் அவர் சொன்னது, உயிரியல் நூல்கள் உடல்நிலைக் குறியீடு என்று அழைக்கும் கணக்கை: ஓட்டுக்கு ஏற்ற சதை இருக்கிறதா என்பது. மட்டி கருமுட்டையையும் விந்தையும் வெளியேற்றிய பின்னும், வெள்ளத்தின் நன்னீரில் வாய்மூடிப் பட்டினி கிடந்த பின்னும், சதை சுருங்கிவிடும்; உடலில் ஏற்கெனவே இருந்த உலோகம் அப்படியே இருக்கும். உலோகத்தின் மொத்த அளவு மாறாமலே, கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கு ஏறிவிடும். மழைக்கு முந்தைய கொழுத்த வெள்ளாற்று மட்டியையும் மழைக்குப் பிந்தைய மெலிந்த உப்பனாற்று மட்டியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், உப்பனாறு கெட்டது என்ற முடிவு, உப்பனாறு கெட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், வந்தே தீரும். நாங்கள் விரும்பிய விடையை நாங்களே ஊட்டி வளர்த்திருந்தோம்.

நன்னீரின் விளைவு இன்னொன்றும் உண்டு. கடல்நீரில் காட்மியத்தின் பெரும்பகுதி குளோரைடோடு பிணைந்திருக்கும். அந்த நிலையில் அது மட்டியின் உடலுக்குள் எளிதில் புகாது. உப்பு குறையும்போது தனித்த அயனியின் பங்கு கூடுகிறது. மட்டி எடுத்துக்கொள்வதும் கூடுகிறது. ஆகவே ஒரே அளவு காட்மியம் உள்ள நீரில், மழைக்காலத்து மட்டியும் கோடைக்காலத்து மட்டியும் ஒரே விடையைத் தருவதில்லை. உப்புத்தன்மையைக் குறித்து வைக்காத மாதிரி பாதி மாதிரிதான். எங்களிடம் உப்பளக்கும் கருவி இருந்தது. தை மாதத்தில் அது வீட்டிலிருந்தது.

இரண்டாவது பிழை சேறு. உப்பனாற்றின் அடித்தளம் பல இடங்களில் நுண்ணிய களிமண். மட்டியின் குடலில் எப்போதும் அதில் கொஞ்சம் இருக்கும். எடுத்தவுடனே பிளந்து, சதையையும் குடலையும் சேர்த்து அரைத்தால், மட்டி உண்மையிலேயே தன் உடலாக்கிக்கொண்ட உலோகத்தோடு, வெறுமனே உள்ளே கடந்து போய்க்கொண்டிருந்த மண்ணின் உலோகமும் கணக்கில் சேரும். இதைத் தவிர்க்க, எடுத்த மட்டியை வடிகட்டிய தூய கடல்நீரில் 24 முதல் 48 மணி நேரம் வைத்துக் குடலைக் கழுவவிட வேண்டும். நீரை இடையில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கழித்ததையே மீண்டும் உண்ணும். சமைப்பதற்கு முன் மட்டியை உப்பு நீரில் இரவு முழுவதும் ஊறவைப்பதை எங்கள் வீட்டில் பார்த்தே வளர்ந்தவன் நான். அடுப்பங்கரையில் தெரிந்திருந்த அறிவு ஆய்வுக்கு வரும்போது நினைவுக்கு வரவில்லை. ஆய்வக அறிக்கையில் இரும்பும் அலுமினியமும் மிக உயர்ந்திருந்தது பிற்பாடு எனக்குத் தெளிவான அறிகுறியாகத் தோன்றியது. அலுமினியம் மட்டியின் சதையில் இயல்பாக அதிகம் இருப்பதில்லை. அது நிறைய இருந்தால், அரைத்ததில் களிமண் இருந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது பிழையை நாங்கள் செய்யவில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டது நாங்களே. ஆய்வகம் தந்த தாளில் ஒவ்வொரு உலோகத்துக்கும் எதிரே எண்ணும் ‘பிபிஎம்’ (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்ற சொல்லும் மட்டும் இருந்தன. அது ஈர எடைக்கா உலர் எடைக்கா என்று எங்கும் இல்லை. மட்டிச் சதையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். ஆகவே உலர் எடைக்குச் சொன்ன எண்ணை ஈர எடைக்குரியதாக எடுத்துக்கொண்டால், மாசு ஐந்து மடங்காகத் தோன்றும். மாற்றி எடுத்துக்கொண்டால் ஐந்தில் ஒன்றாகும். உணவுக்கான வரம்புகள் எல்லாம் ஈர எடைக்கு உரியவை: ஐரோப்பிய ஒன்றியம் மட்டி, சிப்பி போன்ற இருவோட்டு உயிர்களுக்கு கிலோவுக்குக் காட்மியம் 1.0 மில்லிகிராம், காரீயம் 1.5 மில்லிகிராம் என்று வைத்திருப்பது அப்படித்தான். அறிவியல் கட்டுரைகளோ பெரும்பாலும் உலர் எடையில் பேசுகின்றன. ஆய்வகத்தைத் தொலைபேசியில் கேட்டபோது, எடுத்தவர் விடுப்பில் இருக்கிறார், வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். அவர் வந்தாரா என்று எனக்குத் தெரியாது; விடை வரவில்லை. இதற்குள் எங்கள் வட்டத்தில் ஒருவர் அந்தத் தாளைப் புகைப்படம் எடுத்துப் பகிர்ந்துவிட்டார். ஒரு வாரத்துக்குப் பரங்கிப்பேட்டை மட்டியையும் சேர்த்தே யாரும் வாங்கவில்லை என்று எடுத்துத் தந்தவர்கள் வந்து சொன்னபோது, எனக்குத் தலைநிமிர முடியவில்லை.

அந்த எண்களை இங்கே நான் தரவில்லை. அவை எதற்குரியவை என்று எனக்கே உறுதியில்லாதபோது, அவற்றை மீண்டும் அச்சில் ஏற்றுவது இரண்டாவது முறை அதே தவறைச் செய்வதாகும்.

மட்டியின் நாள்காட்டி

இரண்டாம் சுற்றுக்கு முன் நாங்கள் செய்த முதல் வேலை, அந்த அம்மாவோடும் அவருடன் இறங்கும் மற்ற மூவரோடும் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆண்டை எழுதியது. எந்த மாதத்தில் சதை நிறையும், எப்போது பால் போல ஒழுகும், வெள்ளத்துக்குப் பின் எத்தனை நாள் கழித்து மட்டி மீண்டும் வாய் திறந்திருக்கும், எந்தத் திட்டில் வாயகன்ற செத்த ஓடுகள் அதிகம், எங்கே எடுத்ததில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் என்பதெல்லாம் அதில் வந்தன. வாடையைப் பற்றிச் சொன்னது குறிப்பிடத்தக்கது. எண்ணெய்ச் சேர்மங்கள் மட்டியின் கொழுப்பில் சேர்ந்து சுவையிலும் மணத்திலும் தெரிவது நன்கு அறியப்பட்ட ஒன்று. மீன்தரச் சோதனையில் மூக்கால் முகர்ந்து மதிப்பிடுவதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழ் இல்லை, மூக்கு இருக்கிறது.

அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் மாதிரி எடுக்கும் நாள் தீர்மானமாயிற்று: மாசிப் பிற்பகுதிக்கும் சித்திரைக்கும் இடையில், மூன்று இடங்களிலும் ஒரே அமாவாசை அல்லது பௌர்ணமி வற்றத்தை ஒட்டிய இரண்டு நாள்களுக்குள். அளவையும் நிர்ணயித்தோம், ஓட்டின் நீளம் 30 முதல் 35 மில்லிமீட்டர் வரை உள்ளவை மட்டும், ஓரிடத்துக்கு நாற்பது. வயதான பெரிய மட்டியில் சில உலோகங்கள் கூடுதலாகவும் வேறு சில குறைவாகவும் இருக்கும் என்பதால், அளவு கலந்தால் இடம் மறைந்துவிடும். ஒவ்வொன்றையும் வெர்னியரால் அளந்து, தூய கடல்நீரில் இரண்டு நாள் வைத்து, பிளாஸ்டிக் கத்தியால் பிளந்தோம். எஃகுக் கத்தி குரோமியத்தையும் நிக்கலையும் இரவல் கொடுக்கும். உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டோம். இதில் எதுவும் விலை உயர்ந்த வேலையில்லை, சலிப்பான வேலை. சலிப்பைத் தாங்குபவர்களால் மட்டுமே இதைச் செய்ய முடியும் என்று என் மாணவர் ஒருவர் அலுத்துக்கொண்டார், நான் மறுக்கவில்லை.

உள்ளூர் மட்டியை எடுப்பதோடு, மட்டியைக் கொண்டுபோய் வைப்பதும் ஒரு வழி. வெள்ளாற்றிலிருந்து ஒரே அளவுள்ள மட்டியை எடுத்து, வலைப்பையிலோ துளையிட்ட பெட்டியிலோ இட்டு, ஆராய வேண்டிய இடங்களில் ஒன்று முதல் மூன்று மாதம் வைத்து எடுத்தால், தொடக்க நிலை தெரியும்; காலம் தெரியும்; மட்டியே இல்லாமற்போன இடத்தையும் சோதிக்க முடியும். கடைசியாகச் சொன்னது முக்கியமானது. மிக மோசமான இடத்தில் மட்டி செத்துப்போயிருக்கும். உயிரோடிருப்பதை மட்டும் எடுத்துச் சோதிப்பவருக்கு அந்த இடம் பட்டியலிலேயே வராது. நாங்கள் வைத்த இரண்டு பைகளில் ஒன்று, ஒருவருடைய வலையில் சிக்கி அறுபட்டது. அவர் கோபத்தோடு வந்தார். காரணம் கேட்டபின், எங்கே வைத்தால் யார் வலையிலும் படாது என்று அவரே காட்டினார். முதலிலேயே அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

வேதியியல் ஆய்வுக்குப் பணமில்லாத குழுக்களுக்கு நான் பரிந்துரைக்கும் சோதனை ஒன்று உண்டு. அதற்குத் தேவை ஒரு ஈரச் சாக்கும் நிழலும் பொறுமையும். வெவ்வேறு இடத்து மட்டிகளைத் தனித்தனியே, நீருக்கு வெளியே, ஒரே வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பரப்பி வைத்து, நாள்தோறும் தட்டிப் பார்க்க வேண்டும். உயிருள்ளது தன் ஓடுகளை இறுக மூடும். செத்தது வாய் பிளந்தே கிடக்கும். ஏற்கெனவே மாசினால் தளர்ந்திருக்கும் கூட்டத்தில் பாதி செத்து முடிய ஆகும் காலம் குறைவாக இருக்கும் என்பது பல நாடுகளில் பயன்படுத்தப்படும் அளவுகோல். எந்த நஞ்சு என்று இது சொல்லாது. உடல் ஏதோ ஒன்றோடு போராடிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்லும். முட்டையிட்டுத் தளர்ந்த மட்டியும் விரைவில் சாகும் என்பதால், இங்கும் அதே நாள்காட்டி வேண்டும்.

மட்டியின் வாய்மூடலையே அளவாகக் கொள்வதும் உண்டு. போலந்தின் வார்சா நகரக் குடிநீர் நிலையத்தில் எட்டு நன்னீர்ச் சிப்பிகளின் ஓடுகளில் உணரிகளைப் பொருத்தி, அவை சேர்ந்து மூடிக்கொண்டால் எச்சரிக்கை எழும்படி அமைத்திருக்கிறார்கள். எச்சரிக்கைக் கருவியாக அது அருமையானது. ஆனால் நம்மைப் போல் சதையில் சேர்ந்ததை அளப்பவர்களுக்கு இதே பண்பு சங்கடம் தருகிறது: நஞ்சு மிகுந்த நீர் வரும் சில மணி நேரம் மட்டி வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த நேரத்தின் கணக்கு சதையில் முழுதாகப் பதியாது. இரவில் வந்து போவதைப் பிடிக்கும் என்று நான் மேலே மட்டிக்குக் கொடுத்த பெருமையில் இந்த அளவுக்குக் கழித்துக்கொள்ள வேண்டும். குறைந்த அளவில் நீண்ட நாள் வருவதை மட்டி நன்றாகச் சொல்லும். திடீரென வந்து போவதை அதன் சாவுதான் சொல்லும். ஆகவே செத்த ஓடுகளை எண்ணுவதும் சோதனையின் பகுதியாக இருக்க வேண்டும்.

உலோகத்தையே பேசிக்கொண்டிருந்ததால் சாக்கடையை மறந்துவிடக் கூடாது. மட்டியை உண்பவருக்கு அடுத்த நாளே கேடு தரக்கூடியது பெரும்பாலும் மலக்கிருமிதான். ஐரோப்பிய விதிகளில், நேரடியாகச் சந்தைக்கு அனுப்பத்தக்க முதல் வகுப்பு நீர்நிலையின் சிப்பிச் சதையில், பெரும்பாலான மாதிரிகளில், 100 கிராமுக்கு ஈ.கோலை என்ற மலக்கிருமி 230க்கு மேல் இருக்கக் கூடாது. 4600 வரை என்றால் தூய நீரில் வைத்துச் சுத்தப்படுத்துவது போன்ற பக்குவத்துக்குப் பின்னரே விற்கலாம். இங்கே மட்டியை நன்றாக வேகவைத்து உண்பது வழக்கம் என்பதால் கிருமி அடங்கும். காட்மியம் வேகாது.

முடிவை யாரிடம் சொல்வது

இரண்டாம் சுற்றில் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: எண்கள் வந்ததும் முதலில் மட்டி எடுப்பவர்களிடம் சொல்வது, அவர்களுக்குப் புரியும் அளவில், என்ன தெரியும் என்ன தெரியாது என்பதைப் பிரித்து. அதன்பிறகே மற்றவர்களிடம். முதல் சுற்றில் செய்தி போன வழி, மாசு செய்தவரை எட்டுவதற்கு முன் மட்டி விற்றவரை அடித்தது. பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்தில் கையால் தடவி இறாலும் நண்டும் எடுத்து வாழும் இருளர் குடும்பங்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். அவர்களிடம் வேறு சரக்கும் இல்லை, பேசுவதற்கு ஆளும் குறைவு.

ஓராண்டு எடுத்ததை வைத்து உப்பனாறு மேம்பட்டதா கெட்டதா என்று சொல்ல முடியாது. ஆண்டுதோறும், அதே மாதம், அதே திட்டு, அதே அளவு மட்டி என்று தொடர்ந்தால்தான் சொல்ல முடியும். இடையில் 2011 டிசம்பர் இறுதியில் வந்த தானே புயலோ 2015 மழையோ போல ஒன்று வந்து அடியில் கிடந்த பழைய சேற்றைப் புரட்டிப் போட்டால், இருபது ஆண்டுக்கு முந்தைய கழிவு புதியதாகத் தோன்றும். அந்த ஆண்டைத் தனியே குறித்து வைக்க வேண்டும். அதோடு, இன்று நமக்கு அளக்கத் தெரியாத பொருளை நாளை ஒருவர் அளக்கக்கூடும். ஜெர்மனியில் 1985 முதல் சுற்றுச்சூழல் மாதிரிகளை மிகக் குளிர்ந்த நிலையில் சேமித்து வருகிறார்கள். பின்னாளில் ஒரு வேதிப்பொருள் மீது ஐயம் எழுந்தால், பழைய ஆண்டின் சிப்பியை எடுத்து அப்போதே அது இருந்ததா என்று பார்க்க முடிகிறது. எங்களிடம் திரவ நைட்ரஜன் இல்லை. உலர்த்திப் பொடித்த மட்டியைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து வைத்திருக்கிறோம்; உலோகங்களுக்கு இது போதும்.

குப்பிகள் என் வீட்டு அலமாரியில், வெயில் படாத தட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய தாளில் இனம், இடம், மாதம், ஓதம், உப்புத்தன்மை, ஓட்டின் நீளம், குடல் கழுவிய மணி நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவை இருக்கின்றன. கடைசி வரியில், மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக, சிவப்பு மையில் எழுதியிருப்பது: உலர் எடை.